லிகூரியா மலைகளில் அந்தக் கல்சுவர்களைப் பார்த்துக்கொள்வது யார்?

மலைக்காட்டான்: இத்தாலியில் லிகூரியா போய்விட்டு இப்போதுதான் திரும்பினேன். மனரோலா என்ற ஊருக்கு மேலே மலை முழுக்கப் படிப்படியாகக் கல்சுவர், சுண்ணாம்பு சிமெண்ட் எதுவும் கிடையாது, வெறும் கல்லை அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஒரு படியில் திராட்சைக்கொடி, அடுத்த படியில் சுவர் சரிந்து ஒரே புதர். இதைப் பராமரிக்க வேண்டியது ஊரா, மாகாணமா, ரோமா?

நாலுதெரு: நிலம் பெரும்பாலும் தனியாருடையது, துண்டு துண்டாக. அதனால் முதல் பொறுப்பு நிலத்துக்காரருக்குத்தான். நிர்வாகம் என்று பார்த்தால் மேலே லிகூரியா வட்டார அரசு, தலைநகர் ஜெனோவா. அடியில் கொமூனே, அதாவது உள்ளூராட்சி, மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நடுவில் இருக்கும் மாகாண சபைக்கு 2014 சட்டத்துக்குப் பிறகு மக்கள் வாக்கு இல்லை, மேயர்களும் கவுன்சிலர்களும்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். மனரோலா இருக்கும் சின்க்வே தெர்ரே பகுதி ஐந்து ஊர், ஆனால் கொமூனே மூன்றுதான். மனரோலா ரியோமஜோரே கொமூனேயோடு சேர்ந்தது. அப்புறம் 1999 முதல் சின்க்வே தெர்ரே தேசியப் பூங்காவும்கூட.

கல்தச்சன் பேரன்: சட்டம் சரி, வேலை செய்ய ஆள் வேண்டுமே! 19ஆம் நூற்றாண்டில் பக்கத்து நகரமான லா ஸ்பெசியாவில் கடற்படைத் தளம் வந்ததும் ஆண்கள் அங்கே கூலிக்குப் போகத் தொடங்கினார்கள், அதற்குப் பிறகு தோட்டம் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டது. இந்தச் சுவரின் சூட்சுமமே கல்லிடுக்கில் தண்ணீர் வடிந்து போவதுதான். பின்னால் மண் அடைத்துக்கொண்டால் சுவர் வயிறு தள்ளும், ஒரு பெருமழையில் மேல்சுவர் விழுந்து கீழ்ச்சுவரையும் இழுத்துக்கொண்டு போகும். 2011 அக்டோபர் 25 அன்று அந்த ஐந்து ஊரில் வெர்னாட்சா, மொந்தெரொஸ்ஸோ தெருக்களைச் சேறும் கல்லும் மூடியதே, அதற்குக் காரணம் அன்றைய பேய்மழைதான், ஆனால் கைவிட்ட படிகளையும் மறந்துவிடக் கூடாது.

துளசிவாசம்: அங்கே சாப்பாடும் அந்த நிலத்தைப் பார்த்துத்தான். சமவெளி இல்லை, கோதுமைக்கு இடமில்லை, அதனால் உள்மலையில் செஸ்நட் கொட்டையை உலர்த்தி மாவாக்கினார்கள். ஜெனோவாவில் ஃபரினாத்தா கிடைத்தால் விடாதீர்கள்: கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், உப்பு, ஆலிவ் எண்ணெய் அவ்வளவுதான், அகலமான செப்புத் தட்டில் மெல்லிசாக ஊற்றி விறகு அடுப்பில் வைப்பார்கள், ஓரம் முறுகலாக இருக்கும்.

மலைக்காட்டான்: நன்றி. ஒரு பெரியவர் சரிந்த இடத்தில் உட்கார்ந்து பெரிய கல்லுக்குப் பின்னால் சின்னக் கற்களாகத் திணித்துக்கொண்டிருந்தார், ஏன் என்று புரியாமல் நின்றேன். தண்ணீருக்கு வழி விட்டிருக்கிறார்.