புதுப்பிப்பு: பழைய டி விசில் வாங்கியாகிவிட்டது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: ஏற்கெனவே பயன்படுத்திய இரண்டு ஐரிஷ் டி விசில்கள் (டி சுரத்தை அடிச்சுரமாகக் கொண்ட, ஆறு துளையுள்ள சிறிய ஊதுகுழல்) விலைக்கு வந்திருக்கின்றன, ஒன்று பளபளப்பானது, இன்னொன்று கீறல் விழுந்த பித்தளை, எதை எடுப்பது? பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, “படத்தை நம்பாதீர்கள், ஒலிப்பதிவு கேளுங்கள்” என்ற யோசனைதான். ஆறு துளைகளையும் மூடி அடிச்சுரம் டி, அப்புறம் அதையே ஓங்கி ஊதி மேல் டி, இந்த இரண்டையும் பதிவுசெய்து அனுப்பச் சொன்னேன். இரண்டு விற்பனையாளர்களும் அனுப்பினார்கள். பளபளப்பானதில் மேல் டி கீழிறங்கி ஒலித்தது. பித்தளையில் இரண்டும் சுத்தம். காற்று மோதும் விளிம்பை நெருக்கத்தில் படமெடுக்கவும் சொன்னேன். நெளிவோ பிசிறோ இல்லை. பித்தளையையே எடுத்தேன்.

எதிர்பாராதது இரண்டு. சுருதி கூட்டும் குழாய் இறுகிக் கிடந்தது. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மெதுவாகத் திருகியதும் கழன்றது. துடைத்து, கார்க் கிரீஸ் (ஊதுகருவி இணைப்புகளுக்கான மசகு) துளி தடவினேன். முழுக்க உள்ளே தள்ளினால் சுருதி கொஞ்சம் ஏறியிருக்கிறது, இரண்டு மில்லிமீட்டர் வெளியே இழுத்தால் பொதுச் சுருதி அளவான 440 ஹெர்ட்ஸுக்கு (ஏ சுரம்) சரியாக நிற்கிறது. இழுக்க இடம் இருப்பது நல்லதுதான்.

இன்னொன்று, பத்து நிமிடம் ஊதியதும் ஒலி அடைத்தது. உள்ளே ஈரம் திரள்வதுதான் காரணம். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளியை நீரில் கலந்து, வாய்ப்பகுதியில் உள்ள குறுகிய காற்று வழியில் விட்டு, உதறிக் காயவைத்தேன். இப்போது அரை மணி நேரம் தாங்குகிறது.