கிச்சனர்-வாட்டர்லூவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஜெர்மன் சங்கங்களின் திருவிழாக்களுக்குப் போகலாமா?

கனடாவின் ஒன்டாரியோவில், கிச்சனரை ஒட்டிய வாட்டர்லூவில் முதுகலை படிக்க ஆகஸ்ட் கடைசியில் வந்திறங்கிய தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, ஊரெல்லாம் அக்டோபர்ஃபெஸ்ட் என்னும் ஜெர்மன் பீர்த் திருவிழாவைப் பற்றிய பேச்சாக இருக்கிறது. நான் குடிப்பதில்லை. மாடும் பன்றியும் சாப்பிடுவதில்லை. போதாக்குறைக்கு நவராத்திரி வேறு வருகிறது. அங்கே எனக்கு என்ன வேலை?"

வேலை இருக்கிறது, தம்பி. ஆனால் அக்டோபரோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இங்குள்ள ஜெர்மன் சங்கங்களை பீர்க் கூடாரத்தின் வழியாக மட்டும் பார்ப்பவர்கள், கோயிலுக்குப் போய்ப் பொங்கலை மட்டும் வாங்கித் தின்றுவிட்டு வருகிறவர்கள். நானும் முதல் இரண்டு வருடங்கள் அப்படித்தான் இருந்தேன்.

ஊரின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள். 1916 வரை கிச்சனருக்குப் பெயர் பெர்லின். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவிலிருந்து வண்டி கட்டி வந்த, மெனோனைட் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த விவசாயிகளும், பிறகு ஜெர்மனியிலிருந்து நேராக வந்த கைத்தொழில்காரர்களும் வளர்த்த ஊர். முதல் உலகப் போர் நடந்தபோது இந்தப் பெயர் பெரிய தலைவலியாகிவிட்டது. 1916 மே மாத வாக்கெடுப்பில் பெயரை மாற்றச் சொன்னவர்கள் 1,569 பேர், வேண்டாம் என்றவர்கள் 1,488 பேர். வெறும் 81 ஓட்டில் பெர்லின் போயிற்று. அடுத்த மாதம் கடலில் மூழ்கி இறந்த கிச்சனர் பிரபுவின் பெயரை வைத்தார்கள். 1902 முதல் 1909 வரை இந்தியாவில் தலைமைப் படைத்தளபதியாக இருந்த அதே ஆள்தான்.

அதே 1916 பிப்ரவரியில் கனடா ராணுவத்தின் 118-ஆம் பட்டாளத்துச் சிப்பாய்கள் கன்கார்டியா என்னும் ஜெர்மன் சங்கத்துக்குள் புகுந்து சூறையாடி, உள்ளே இருந்த ஜெர்மன் பேரரசர் (கைசர்) முதலாம் வில்ஹெல்மின் மார்பளவுச் சிலையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஊர்வலம் போனார்கள். 1873-இல் தொடங்கிய அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஜெர்மன் என்றதும் ஹிட்லர் பகடி செய்வதும் கையைத் தூக்கிப் படம் எடுப்பதும் நம் பையன்கள் சிலருக்கு வேடிக்கையாகத் தெரிகிறது. தயவுசெய்து வேண்டாம். இந்த வட்டாரத்துச் சங்கங்களில் இருக்கும் முதியவர்களில் பலர் ஜெர்மனியில் பிறந்தவர்கள்கூட இல்லை. யுகோஸ்லாவியா, ருமேனியா, ஹங்கேரிப் பக்கம் தலைமுறைகளாக வாழ்ந்து, இரண்டாம் உலகப் போரின் முடிவில் வீடு வாசலை விட்டு வெளியேறி அகதிகளாக வந்த டான்யூப் ஸ்வாபியர்கள், டிரான்சில்வேனியா சாக்சன்கள். தமிழ்நாட்டையே பார்க்காமல் தமிழ் பேசி வளர்ந்த மலேசியத் தமிழரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அக்டோபர்ஃபெஸ்ட். 1967-இல் கன்கார்டியாவில் சிறிதாகத் தொடங்கியது, 1969-இலிருந்து ஊர்த் திருவிழா ஆயிற்று. மியூனிக்கில் பெரும்பகுதி செப்டம்பரிலேயே நடந்து, அக்டோபர் தொடக்கத்தில் முடிந்துவிடும். இங்கே கனடாவின் தேங்க்ஸ்கிவிங்கை, அதாவது அக்டோபர் இரண்டாம் திங்களை ஒட்டி வருகிறது. அன்று காலை நடக்கும் ஊர்வலத்துக்கு டிக்கெட் கிடையாது. குடிக்காதவர்களும் குழந்தை உள்ளவர்களும் முதலில் போகவேண்டியது இதற்குத்தான். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் இடம் பிடியுங்கள். வெயிலைப் பார்த்து ஏமாறாதீர்கள், கம்பளி கட்டாயம். கடையில் விற்கும் டின் உணவு இரண்டு மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். இல்லாதவர்களுக்கு உணவு தரும் உணவு வங்கிக்காக வழியில் திரட்டுவார்கள்.

கூடாரத்துக்குள் மது வாங்க 19 வயது ஆகியிருக்க வேண்டும், அடையாள அட்டை கேட்பார்கள். ஜி2 என்னும் புதிய ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: ஒன்டாரியோவில் வண்டி ஓட்டும்போது உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட மதுவின் அளவு பூஜ்யம். "ஒரு கிளாஸ்தானே" என்பதெல்லாம் செல்லாது. ஐயான் என்னும் ஊர் ரயில் ஓடுகிறது, அதில் போய்விட்டு வாருங்கள்.

சாப்பாடுதான் நம்மவர்களுக்குப் பெரிய கண்ணிவெடி. பார்த்தால் சைவமாகத் தெரியும் பலவும் சைவம் இல்லை. புளித்த முட்டைக்கோஸைப் பெரும்பாலும் பேக்கன் என்னும் உப்பிட்ட பன்றி இறைச்சித் துண்டு போட்டே வேக வைப்பார்கள். ஸ்வாபிய உருளைக்கிழங்கு சாலட்டில் இறைச்சி வேகவைத்த சாறு ஊற்றுவது வழக்கம். முதல் வருடம் ஒரு கூடாரத்தில், பரிமாறிய அம்மாளிடம், "இதில் இறைச்சி இல்லையே?" என்று கேட்டேன். "இல்லவே இல்லை" என்றவர், தட்டு என் கைக்கு வந்த பிறகு, "கொஞ்சம் பேக்கன் மட்டும்" என்றார், உப்பைப் பற்றிச் சொல்வதுபோல. அதனால் "சைவமா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பேக்கன் உண்டா, பன்றிக் கொழுப்பு உண்டா, எந்தச் சாற்றில் வேக வைத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆப்பிள் கூழோடு வரும் உருளைக்கிழங்கு அடையும், பாலாடைக்கட்டி போட்ட ஷ்பெட்ஸ்லே என்னும் முட்டை நூடுல்ஸும் உங்களைக் காப்பாற்றும். முட்டையும் ஆகாது என்பவர்களுக்கு ஷ்பெட்ஸ்லேயும் கிடையாது, அடையிலும் முட்டை இருக்கலாம். கடைசியில் முடிச்சுப் போட்ட ரொட்டியான பிரெட்சல்தான் கதி, அதிலும் கொழுப்பைப் பற்றிக் கேட்டுவிட்டுத் தின்னுங்கள்.

நீள மேசையில் முன்பின் தெரியாதவர் பக்கத்தில்தான் உட்கார வேண்டியிருக்கும். இடம் காலியா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். கோப்பையை மோதி "ப்ரோஸ்ட்" சொல்லும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்கவேண்டும், கோப்பையைப் பார்க்கக் கூடாது. கோப்பைக்குள் ஆப்பிள் சாறு இருந்தாலும் இதே மரியாதைதான்.

என்னைக் கேட்டால், இந்த ஊர் ஜெர்மானியரைத் தெரிந்துகொள்ள நல்ல நாள் நவம்பரில் வருகிறது. வுட்லண்ட் கல்லறையில், கனடாவில் கைதிகளாக இருந்தபோது இறந்த 187 ஜெர்மன் போர்க்கைதிகளை ஒரே இடத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள். நவம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஃபோக்ஸ்டிராவர்டாக் என்னும் நினைவுநாள் கடைப்பிடிக்கிறார்கள். பீர் இல்லை, தொப்பி இல்லை. நான் போயிருந்த வருடத்தில் தூறிக்கொண்டிருந்தது. வரிசையாக ஒரே அளவுக் கற்கள், மலர்வளையம், மழையில் நனைந்தபடி ஒரு பாட்டுக் குழு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நண்பர் ஒருவரையும் அழைத்துப் போயிருந்தேன். திரும்பும் வழியில் காரில் அவர் ஒன்றுமே பேசவில்லை, நானும் பேச்சுக் கொடுக்கவில்லை.

அதே நவம்பரில் 11-ஆம் தேதி காலை 11 மணி 11 நிமிடத்துக்கு ஜெர்மானியக் கார்னிவல் பருவம் தொடங்கும். நடுவில் கிறிஸ்துமஸுக்கு ஒதுங்கிவிட்டு, கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய வாரங்களில் உச்சத்துக்குப் போகும். மாறுவேடம், இளவரசன் இளவரசி, பதினொரு பேர் கொண்ட சபை, மேடைப் பகடிப் பேச்சு. ஜெர்மன் தெரியாவிட்டால் பாதிச் சிரிப்பு போய்விடும். தெரிந்தவர் துணையில்லாமல் போகவேண்டாம் என்பது என் கட்சி. டிசம்பர் தொடக்கத்தில் கிச்சனர் நகர மன்றத்தில் நடக்கும் கிறிஸ்ட்கிண்டில் சந்தை அப்படியல்ல, தனியாகவே போகலாம். 1997-இலிருந்து நடக்கிறது. ஷ்டோலன் என்னும் கிறிஸ்துமஸ் பழ ரொட்டி வாங்கும்போது ரம் சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

நண்பர்கள் வேண்டுமென்றால் இந்தச் சங்கங்களில் தொண்டு வேலைக்குப் பெயர் கொடுங்கள். சமையற்கட்டு, மேசை அடுக்குவது, வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கிப் பத்திரமாக வைப்பது என்று ஆள் எப்போதும் தேவைப்படும். மூன்று மணி நேரம் ஒருவரோடு நின்று தட்டுத் துடைத்தால், மூன்று வருடம் கைகுலுக்கிச் சேராத பழக்கம் சேரும். பேரப்பிள்ளைகள் ஜெர்மன் பேசவில்லை, சனிக்கிழமை வகுப்புக்கு வர அழுகிறார்கள் என்று அவர் புலம்புவார். நீங்களும் உங்கள் வீட்டுக் கதையைச் சொல்லலாம்.

இன்னொரு தங்கை கேட்டிருக்கிறார்: "ஜெர்மன் பெண்களின் மரபு உடையான டிர்ண்டிலின் விலையைப் பார்த்தால் மயக்கம் வருகிறது. சேலை கட்டிக்கொண்டு போகலாமா?" தாராளமாக. என் மனைவி ஒரு வருடம் அரக்குநிறக் காஞ்சிப் பட்டில் வந்தார். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி ஜரிகையை விரலால் தடவிப் பார்த்து, இதை யார் நெய்தது என்று கேட்டுவிட்டு, தன் அம்மா பூத்தையல் போட்ட ஏப்ரனின் படத்தைக் கைப்பேசியில் காட்டினார். அடுத்த வருடம் அவருக்காகத் தேன்குழல் முறுக்கு கொண்டுபோனோம். எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "உங்கள் ஊர் பிரெட்சலுக்கு இத்தனை முடிச்சா?" என்றவர், கடிப்பதற்கு முன் நிறுத்தி, "இதில் பேக்கன் இல்லையே?" என்று கேட்டார்.