பட்டா (சின்ன லொறி) ஓட்டி நாரி (கீழ் முதுகு) நோ: இருக்கைக்குப் பஞ்சு போட்டும் குறையவில்லை

இணுவிலான்:
வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி ஏற்றிக்கொண்டு பட்டாவில் வேலணை, புங்குடுதீவுப் பக்கம் போய் வருகிறேன். காப்பெற் றோட்டில் (வழவழப்பான தார் றோட்டில்) ஒரு தொல்லையும் இல்லை. கிடங்கும் கல்லுமாய்க் கிடக்கும் ஒழுங்கைகளில் இறங்கினால்தான் வினை. பின்னேரம் வீட்டு வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர வேண்டியிருக்கிறது. போன மாதம் நாலு அங்குலப் பஞ்சு மெத்தை வாங்கி இருக்கையில் போட்டேன். இரண்டு நாள் சுகம், அப்புறம் முந்தியதை விட மோசம். வெறும் வண்டியாய்த் திரும்பும்போது இன்னும் தூக்கி அடிக்கிறது. என்ன செய்யலாம்?

கராஜ் தம்பி:
அண்ணை, ரயருக்குக் காற்று எவ்வளவு அடிக்கிறீர்கள்? மூட்டைக்கென்று இறுக்கி அடித்தால் ரயரே கல்லு மாதிரித்தான். வண்டியில் எழுதியிருக்கும் அளவுக்கு மேலே போகாதீர்கள். பின்பக்க வில்லுத் தட்டுகள் பாரத்துக்கென்று செய்தவை. பாரம் இல்லாவிட்டால் அவை சரியாக வளையாது, அடி நேரே உங்களுக்குத்தான். சொக்கையும் (அதிர்ச்சி தாங்கியையும்) பாருங்கள். முன் மூலையை அமத்தி விட்டால் ஒருதரம் எழும்பி நிற்க வேண்டும். ஆடிக்கொண்டே இருந்தால், அல்லது எண்ணெய் கசிந்திருந்தால், மாற்ற வேண்டியதுதான்.

தொழில்நலம் படித்தவள்:
அண்ணா, முதலில் அந்த மெத்தையை எடுங்கள். உட்கார்ந்திருக்கும் உடம்பு, நொடிக்கு 4 முதல் 8 தடவை மேலும் கீழும் போகும் அதிர்வுக்குத்தான் அதிகம் சேர்ந்து ஆடும். மெத்தென்ற பஞ்சு நொடிக்கு 4 தடவை அளவில் அதிர்வைக் குறைக்காது, கூட்டியே கொடுக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு விதிப்படி, 8 மணித்தியால வேலைக்கு அதிர்வின் வலிமை (முடுக்கமாக அளப்பது) 0.5 மீ/செ² அளவைத் தாண்டினால் முதலாளி அதைக் குறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். 1.15ஐத் தாண்டவே கூடாது. அதிர்வு இரண்டு மடங்கானால், அதே எல்லையைத் தொட நாலில் ஒரு பங்கு நேரம் போதும்: 8 மணித்தியாலம் 2 ஆகிவிடும். அதனால் ஒழுங்கையில் மட்டுமாவது மெதுவாகப் போங்கள், பிந்தினாலும் பரவாயில்லை.

இறங்கிய உடனே மூட்டை தூக்க வேண்டாம், சற்று நடந்துவிட்டுத் தூக்குங்கள். கால் விறைத்தாலோ, சலம் போவதில் மாற்றம் தெரிந்தாலோ அன்றைக்கே போதனா வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

இணுவிலான்:
பத்து நாளாகிவிட்டது. மெத்தையை எடுத்துவிட்டேன். காற்று உண்மையிலேயே கூடத்தான் இருந்தது. இடப்பக்க முன் சொக் கசிந்திருக்கிறது. நோ முழுதாக மாறவில்லை, ஆனால் கதவைப் பிடிக்காமல் இறங்குகிறேன். இருவருக்கும் மிக்க நன்றி. சொக்கை ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா?

கராஜ் தம்பி:
வேண்டாம் அண்ணை, சோடியாகவே மாற்றுங்கள்.