எரிக்காமல் ஒயரிலிருந்து செம்பு எடுக்க என்ன வழி?

கண்மாய்க்கரை_கடை:
மதுரைப் பக்கம் பழைய இரும்புக் கடை. சித்தப்பாவுக்கு முட்டிவலி வந்ததிலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இரும்பு, தகரம், அட்டை எல்லாம் தொல்லையில்லை, வந்த வேகத்தில் லாரி ஏறிவிடும். ஒயர்தான் பிரச்சினை. கட்டடம் இடிக்கிற இடத்திலிருந்து வரும் தடி ஒயரைப் பையன்கள் கத்தியால் உரித்துவிடுவார்கள். மிக்சி, டிவி, சார்ஜர் ஒயரெல்லாம் மெல்லிசு. பொழுது சாய்ந்ததும் அதைக் கண்மாய்க்குள் கொண்டுபோய்க் கொளுத்துவது சித்தப்பா காலத்து வழக்கம். கரும்புகை ஊருக்குள் வருகிறது. கரையில் ஆடு மேய்க்கிற பெரியம்மா தினமும் சாபம் விடுகிறார். நிறுத்தணும், ஆனால் கூலியும் கட்டுப்படியாகணும். உரிக்கிற மெஷின் வாங்கலாமா? அப்புறம், இன்வெர்ட்டர் பேட்டரி ஆசிட்டை வாய்க்காலில் ஊற்றாமல் என்ன செய்வது? பேட்டரி வாங்கும் வியாபாரி அந்த ஆசிட் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் கொண்டுவரச் சொல்கிறார்.

ரீவைண்டிங்_பட்டறை:
தம்பி, பிளேடு மெஷின் தடி ஒயருக்குத்தான் லாயக்கு. மெல்லிசு மாட்டினால் சிக்கிக்கொண்டு உயிரை வாங்கும். எரித்தாலும் உங்களுக்கு நட்டம்தான். மெல்லிய இழை தீயில் கருகி உதிர்ந்துவிடும், மிஞ்சுவதும் கருத்துப்போயிருக்கும். உரித்த செம்பு விலை அதற்குக் கிடைக்காது. ஒயரை ஒயராகவே மூட்டை கட்டி, கிரானுலேட்டர் வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். அது ஒயரைக் குருணையாக நறுக்கி, அதிர்விலும் காற்றிலும் பிளாஸ்டிக்கை ஒதுக்கிவிடும், தீயே வேண்டாம். அனுப்பும் முன் பிளக்கை வெட்டி எடுங்கள், அந்தப் பின் பெரும்பாலும் பித்தளை, தனி விலை. மலிவு சார்ஜர் ஒயரைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்புப் பூச்சு போட்ட அலுமினியம். செம்போடு கலந்தால் மூட்டை மொத்தத்துக்கும் விலை அடிபடும்.

கெமிஸ்ட்ரி_டீச்சர்:
பெரியம்மா சாபம் விடுவதில் நியாயம் இருக்கிறது. ஒயர் உறை பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக். சுத்தமான பிவிசி எடையில் பாதிக்கு மேல் குளோரின். எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், கண்ணும் தொண்டையும் எரிவது அதனால்தான். கூடவே இருக்கும் செம்பு வினையூக்கியாகி டயாக்சின் உருவாக உதவுகிறது. அது கொழுப்பில் தங்கும் நஞ்சு. சாம்பல் படிந்த புல்லை மேயும் ஆட்டின் பால் வரை போகும். கானாவில் அக்ரா நகரின் அக்போக்புளோஷியில் வருடக்கணக்கில் ஒயர் எரித்தார்கள். அங்கே மேய்ந்த கோழிகளின் முட்டையில் டயாக்சின் மிக அதிகமாக இருந்ததை ஆய்வில் கண்டார்கள். பழைய ஒயர் உறைகளில் ஈய உப்பும் கலந்திருக்கும், எரித்தபின் அது கண்மாய் மண்ணில்தான் சேரும்.

தூத்துக்குடி_ராஜா:
ஆசிட்டுக்கு சுண்ணாம்பு போடுங்க பாஸ். நுரை அடங்கினதும் ஊத்திடலாம், நாங்க அப்படித்தான்.

கெமிஸ்ட்ரி_டீச்சர்:
ராஜா, புளிப்புதான் அடங்கும், பேட்டரியிலிருந்து வந்த ஈயம் அடியில் சேறாக அப்படியே கிடக்கும். பேட்டரியை உடைக்கவே கூடாது, ஆசிட்டோடு முழுசாகப் பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்குப் போகணும். பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் 2022 வந்தபின் ஆலைகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். அதுவரை கூரைக்குக் கீழே, பிளாஸ்டிக் தட்டில் நிமிர்த்தி வையுங்கள். பேட்டரி தூக்கிய சட்டையோடு பையன்கள் வீட்டுக்குப் போகக் கூடாது. ஈயத்தூசி குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் பதம் பார்க்கும்.

கண்மாய்க்கரை_கடை:
நன்றி டீச்சர், நன்றி அண்ணே. தண்ணீரோடு கொடுத்தால் எடையில் கழிப்பார்களே, எப்படிப் பேசுவது?

ரீவைண்டிங்_பட்டறை:
தண்ணீரோடு ஒரு ரேட், வடித்தது ஒரு ரேட் என்று இரண்டையும் முதலிலேயே கேளுங்கள். கிலோவுக்குக் கொஞ்சம் குறையும்தான். வடிக்கிற கூலியையும் பையன் கையில் ஆசிட் பட்டால் ஆகிற ஆஸ்பத்திரிச் செலவையும் சேர்த்துப் பாருங்கள். நானாக இருந்தால் தண்ணீரோடுதான் ஏற்றுவேன்.

கண்மாய்க்கரை_கடை:
சரி அண்ணே. ஒயரை இந்த வாரமே ரகம் பிரித்து மூட்டை கட்டச் சொல்கிறேன். பிரிட்ஜ் கம்ப்ரசர் ஆயிலும் கேஸும் வேறு இருக்கிறது, அதைத் தனியாகக் கேட்கிறேன்.