ஜெர்மன்ல கிஃப்ட்னா விஷம், ஸ்வீடன்ல கல்யாணமா?

ஏ1_மாணவன்:
ஜெர்மன் கிளாஸ்ல 'கிஃப்ட்'னா விஷம்னு மேடம் சொன்னாங்க. சரி போகட்டும்னு பாத்தா, ஸ்வீடன்ல இருக்க ஃப்ரெண்டு அங்கயும் விஷம்தான், ஆனா கல்யாணம் ஆனவங்களையும் அதே ஸ்பெல்லிங்ல கிஃப்ட்னுதான் சொல்வாங்கன்றான். இதெல்லாம் ஒரே வார்த்தையா, இல்ல சவுண்டு மட்டும் ஒத்துப்போகுதா? (பொண்டாட்டி ஜோக் வெச்சிருக்கவங்க வேற பக்கம் போயிடுங்க ப்ளீஸ்)

வேர்தேடி:
ஒரே வேர்தான் ப்ரோ, 'குடுக்கறது'. இங்கிலீஷ்ல கிவ், ஜெர்மன்ல கேபன். ஜெர்மன்லயும் கிஃப்ட் முதல்ல குடுக்கற பொருள்தான், வரதட்சணைக்கு இன்னமும் மிட்கிஃப்ட்னுதான் பேரு. விஷம் எப்படி உள்ள வந்துச்சுன்னா, கிரேக்கத்துல 'டோசிஸ்'னாலும் குடுக்கறதுதான், வைத்தியருங்க அத ஒரு வேளைக்கு குடுக்கற மருந்தளவுக்கு வெச்சுக்கிட்டாங்க, நம்ம டோஸ் அங்கருந்து வந்ததுதான், அந்த அர்த்தம் லத்தீன் வழியா ஜெர்மன் கிஃப்ட் மேல ஏறிடுச்சு, அப்புறம் விஷம்னு நேரா சொல்லாம 'குடுத்தது'ன்னு பூசி மெழுகி மெழுகி கடைசில விஷம் மட்டும்தான் மிஞ்சுச்சு. நம்மளும் எலிக்கு வைக்கிறத எலி மருந்துன்னுதானே சொல்றோம்!

வடக்குவாசி:
ஸ்வீடிஷ்ல எழுதறதுதான் கிஃப்ட், வாய்ல யிஃப்ட்னு வரும். கல்யாண அர்த்தம் பொண்ண கட்டிக் குடுக்கறதுல இருந்து வந்தது. நார்வே, டென்மார்க்லயும் இதே ரெண்டு அர்த்தம் இருக்கு. பழைய இங்கிலீஷ்லயும் இந்த வார்த்தை பொண்ணுக்காக குடுக்கற பணம்தான், பன்மைல சொன்னா கல்யாணம். அப்ப அங்கயும் 'ய' சத்தம்தான், இப்ப இருக்க 'க' வைக்கிங்குங்க பேச்சுல இருந்து ஒட்டிக்கிட்டது. பரிசுங்கற அர்த்தமும் அவங்க பக்கத்து சரக்குதான்.

கால்வாய்க்கரை:
டச்சுக்காரங்க உஷார். கிஃப்ட்னா நன்கொடை, விஷத்துக்கு கடைசி எழுத்த வெட்டிட்டு கிஃப். ஆனா அந்த 'க' தொண்டைய செருமற மாதிரி வரணும், அது உங்க பாடு.

ஏ1_மாணவன்:
செம. அப்ப ஜெர்மன்ல பரிசுக்கு என்னதான் சொல்றது?

வேர்தேடி:
கெஷெங்க். அதுக்கு அடில இருக்க ஷெங்கன்ற வினைக்கு முதல் அர்த்தமே குடிக்க ஊத்திக் குடுக்கறது. வந்தவங்களுக்கு ஊத்தறதுல ஆரம்பிச்சு எத சும்மா குடுத்தாலும் ஷெங்கன்னு ஆயிடுச்சு, இப்பவும் கிளாஸ்ல ஒயின் ஊத்தறது ஐன்ஷெங்கன்தான்.