நேபாள அரசியலை ஆட்டிவைப்பது டெல்லியா, காத்மாண்டுவா?

கிழக்குமலை:
நேபாளத்தில் எந்த ஆட்சி நிற்கும், எது விழும் என்பதை அக்கம்பக்கத்துப் பெரிய நாடுகள்தான் முடிவு செய்கின்றன என்பது என் வாதம். 1950 நவம்பரில் மன்னர் திரிபுவன், பரம்பரைப் பிரதமர்களாக நாட்டை ஆண்ட ராணா குடும்பத்திடமிருந்து தப்பி நுழைந்தது இந்தியத் தூதரகத்துக்குள். நூறாண்டு தாண்டிய ராணா ஆதிக்கத்தை முடித்துவைத்த பேரம் படிந்ததும் டெல்லியில்தான்.

செல்லாக்காசு:
பாதிக் கதை சொல்கிறீர்கள். அதே நவம்பரில் எல்லை நகரமான பிர்கஞ்சைத் துப்பாக்கியோடு பிடித்தவர்கள் நேபாளி காங்கிரஸ்காரர்கள். சரி, 1960-க்கு வாருங்கள். முந்தைய ஆண்டுத் தேர்தலில் 109 இடங்களில் 74-ஐ வென்ற நேபாளி காங்கிரஸின் பிரதமர் பி.பி. கொய்ராலாவை மன்னர் மகேந்திரர் டிசம்பர் 15 அன்று சிறையில் தள்ளி, நாடாளுமன்றத்தையும் கலைத்தார். ஜனநாயகத்துக்குப் பின்னடைவு என்று நேரு வருத்தப்பட்டதோடு சரி. கட்சிகளே இல்லாத பஞ்சாயத்து ஆட்சி 1990 வரை நீடித்தது. டெல்லியின் சொல் எங்கே எடுபட்டது?

கிழக்குமலை:
மகேந்திரர் பிழைத்ததே சீனாவால்தானே ஐயா! 1961-ல் காத்மாண்டுவைத் திபெத் எல்லையோடு இணைக்கும் கோடாரி சாலைக்குச் சீனாவோடு ஒப்பந்தம் போட்டார். 1962 இந்திய-சீனப் போருக்குப் பிறகு அவரைப் பகைத்துக்கொள்ள டெல்லிக்குத் துணிச்சல் இல்லை. இந்திய மண்ணிலிருந்து தாக்கிக்கொண்டிருந்த நேபாளி காங்கிரஸ்காரர்களும் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள்.

செல்லாக்காசு:
அண்டை நாட்டுச் சண்டையைத் தனக்குச் சாதகமாக்கியது காத்மாண்டு அரண்மனை. அதைத்தான் நானும் சொல்கிறேன். 1989-ல் டெல்லி 15 எல்லை வழிகளில் 13-ஐ அடைத்தது. மண்ணெண்ணெய்க்குக்கூடத் திண்டாடிய மக்கள் அடுத்த ஆண்டு அரண்மனைக்கு எதிராகத் திரும்பினார்கள். 2015-ல் மறுபடி லாரிகள் எல்லையில் நின்றன. இந்த முறை மலைப்பகுதி மக்களின் கோபம் டெல்லி மேல் பாய்ந்தது. அப்போதைய பிரதமர் ஓலி அதிலேயே செல்வாக்கு வளர்த்து, 2016-ல் சீனாவோடு சரக்குவழி உடன்பாடு செய்துகொண்டார். நெருக்கடி ஒரே மாதிரி, விளைவு நேரெதிர். உள்ளூர் நிலவரம்தானே காரணம்?

தராய்வாசி:
குறுக்கிடுகிறேன். 2015-ல் பிர்கஞ்ச் எல்லைப் பாலத்தில் உட்கார்ந்திருந்த மாதேசிகள், அதாவது தராய் சமவெளி மக்கள், நேபாளக் குடிமக்கள். அந்த ஆண்டின் புதிய அரசமைப்புச் சட்டத்தில் மாகாண எல்லைகளும் குடியுரிமை விதிகளும் அவர்களுக்குப் பாதகமாக எழுதப்பட்டன. அந்தக் கிளர்ச்சியில் 40 பேருக்கு மேல் செத்தார்கள். அதை 'இந்திய முற்றுகை' என்று மட்டுமே சொல்வது காத்மாண்டுவுக்கு ரொம்ப வசதி. நீங்கள் இருவரும் அதற்கே துணைபோகிறீர்கள்.

கிழக்குமலை:
மாதேசிகளின் குறை நியாயமானது. ஆனால் டெல்லி கண்ணசைக்காமல் அத்தனை லாரிகள் மாதக்கணக்கில் நிற்குமா? 2005 நவம்பரில், ஆயுதப் போர் நடத்திவந்த மாவோயிஸ்டுகளும் மன்னரை எதிர்த்த ஏழு கட்சிகளும் 12 அம்ச உடன்பாடு கண்டதும் டெல்லியில்தான். முடியாட்சி ஒழிந்தது அதன் விளைவு.

செல்லாக்காசு:
டெல்லி கொடுத்தது இடம் மட்டும். அந்த ஆண்டு பிப்ரவரி 1 அன்று ஆட்சியைத் தானே பிடுங்கிக்கொண்டு, எல்லாக் கட்சிகளையும் மாவோயிஸ்டுகள் பக்கம் விரட்டியவர் மன்னர் ஞானேந்திரர். 2006 ஏப்ரலில் டெல்லி கரண் சிங்கைத் தூதராக அனுப்பிச் சமரசம் பேசியது. பிரதமரைக் கட்சிகளே சொல்லட்டும் என்று மன்னர் இறங்கி வந்ததும் இந்தியா வரவேற்றது. தெருவில் நின்ற கூட்டம் அதை ஏற்கவே இல்லை. மூன்றே நாளில் மன்னர் நாடாளுமன்றத்தைத் திருப்பிக் கொடுத்தார். அது டெல்லி கேட்டதற்கும் மேல்.