சிறுகோள் பட்டை உடைந்துபோன கிரகமா? செரிஸ் மட்டும் ஏன் குறுங்கோள்?

தென்றலின்_அம்மா:

ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் சூரியக் குடும்பப் படம் வரைந்துகொண்டிருக்கிறாள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சிறுகோள்களைப் புள்ளி புள்ளியாக வைத்துவிட்டு, "இது எந்தக் கிரகம் உடைஞ்சதும்மா?" என்று கேட்டாள். அங்கே ஒரு கிரகம் இருந்து வெடித்துவிட்டதாக ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறாள். உண்மையா?

இன்னொன்று. செரிஸும் வெஸ்டாவும் ஒரே பட்டையில்தான் இருக்கின்றன. செரிஸைக் குறுங்கோள் என்கிறார்கள், வெஸ்டாவைச் சிறுகோள் என்கிறார்கள். எத்தனை கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் குறுங்கோள்? அவளுக்கு நான் எடுத்துச் சொல்லும்படி யாராவது விளக்குங்கள்.

இயற்பியல்_வாத்தியார்:

அம்மா, உங்கள் மகள் கேட்ட கேள்வியை 1802-லேயே பெரிய வானியலாளர்கள் கேட்டிருக்கிறார்கள். 1801 ஜனவரி 1 அன்று சிசிலியின் பலெர்மோ நகரில் பியாசி செரிஸைக் கண்டுபிடித்தார். அதைக் கிரகம் என்றே எண்ணினார்கள். அடுத்த ஆண்டே ஏறக்குறைய அதே தொலைவில் பல்லாஸைக் கண்டார் ஓல்பர்ஸ். ஒரே இடத்தில் இரண்டு கிரகங்கள் எப்படி? ஒரு பெரிய கிரகம் உடைந்து சிதறிய துண்டுகளாக இருக்கலாம் என்று ஓல்பர்ஸ் சொன்னார். அன்றைக்கு அது நியாயமான ஊகம்தான்.

இன்று அது நிற்காது. பட்டையில் உள்ள எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தாலும் நம் நிலாவின் நிறையில் சுமார் 3 சதவீதம்தான் தேறும். அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செரிஸ் ஒன்றிலேயே இருக்கிறது. அதைவிட வலுவான சாட்சி, பூமியில் விழும் விண்கற்கள். சில வகைக் கற்கள் ஒருகாலத்தில் உருகி, இரும்பு உள்ளே இறங்கி, மேலே எரிமலைப் பாறை படிந்த உடல்களிலிருந்து வந்தவை. வேறு சில வகைகள் ஒருபோதும் உருகவே இல்லை. 1969-ல் மெக்சிகோவில் விழுந்த அயெந்தே கல் அப்படிப்பட்டது. அதற்குள் இருக்கும் வெண்ணிறத் துணுக்குகளைப் போன்றவற்றை வைத்துத்தான் சூரியக் குடும்பத்தின் வயதை ஏறத்தாழ 456.7 கோடி ஆண்டுகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இத்தனை விதமான கற்கள் ஒரே கிரகத்திலிருந்து வந்திருக்க முடியாது.

அது உடைந்த கிரகம் அல்ல, உருவாகாமலே போன கிரகம். சூரியனைச் சுற்றிய வாயுத் தட்டில் தூசு திரண்டு கற்களானது, கற்கள் ஈர்ப்பால் சேர்ந்து கோள்கருக்களாயின, அதாவது வளர்ந்தால் கிரகமாகக்கூடிய முளைகளாயின. மெதுவாக மோதினால்தான் ஒட்டும். பக்கத்தில் வியாழன் மிக வேகமாகப் பெருத்துவிட்டது. அதன் ஈர்ப்பு இங்கிருந்தவற்றின் பாதைகளைக் கலைத்துவிட்டது, பெரும்பகுதியை வெளியே வீசியெறிந்துவிட்டது என்பதுதான் பலரும் ஏற்கும் விளக்கம். இன்று அங்கே இரண்டு கற்கள் மோதினால் வேகம் நொடிக்குச் சராசரியாக 5 கிலோமீட்டர். அந்த வேகத்தில் எதுவும் சேராது, நொறுங்கத்தான் செய்யும்.

வியாழனின் கை இன்றும் தெரிகிறது. வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றுவதற்குள் மிகச் சரியாக மூன்று முறை சுற்றும் பாதையில் சிறுகோள்கள் அநேகமாக இல்லை. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் திரும்பத் திரும்பத் தள்ளுவதுபோல, அங்கே போகும் கல்லின் பாதையை வியாழன் நீட்டிக்கொண்டே போகிறது. கடைசியில் அது அந்த இடத்தைவிட்டே போய்விடும். இந்த இடைவெளிகளை 1866-ல் வானியலாளர் கிர்க்வுட் எடுத்துக்காட்டினார்.

இப்போது இரண்டாவது கேள்வி. கிலோமீட்டர் எல்லை எதுவும் கிடையாது. 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராக் நகரில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் கிரகத்துக்கு மூன்று நிபந்தனைகள் வைத்தது: சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பாலேயே உருண்டையாகியிருக்க வேண்டும், தன் பாதைச் சுற்றுவட்டாரத்தில் தானே ஆதிக்கம் செலுத்த வேண்டும். முதல் இரண்டும் இருந்து மூன்றாவது இல்லையென்றால் குறுங்கோள். சுமார் 940 கிலோமீட்டர் விட்டமுள்ள செரிஸும், புளூட்டோவும் அங்கேதான் நிற்கின்றன.

வெஸ்டாவின் சராசரி விட்டம் சுமார் 525 கிலோமீட்டர். அது உருகி உருண்டையாகத்தான் தொடங்கியது. பிறகு இறுகிக் குளிர்ந்தபின் தென்முனையில் வாங்கிய பேரடியில் கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர் அகலப் பள்ளம் விழுந்தது. குளிர்ந்த பாறையை மறுபடி உருண்டையாக்க அதன் ஈர்ப்புக்கு வலு போதவில்லை. 2011-ல் டான் விண்கலம் போய் இதைப் படம் பிடித்தது. ஆனால் சனியின் நிலவான மைமாஸைப் பாருங்கள், 400 கிலோமீட்டர்கூட இல்லை, உருண்டையாக இருக்கிறது! அது பெரும்பாலும் பனிக்கட்டி, பாறையைவிட எளிதில் வளைந்துகொடுக்கும். அதனால்தான் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்வதில் பயனில்லை என்று மாணவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

தென்றலின்_அம்மா:

மிக்க நன்றி சார். படித்துக் காட்டினேன். "செரிஸ்ல நின்னா சுத்தி கல்லா பறக்குமா?" என்று கேட்கிறாள்.

இயற்பியல்_வாத்தியார்:

பறக்காது. படங்களில் பட்டையை நெரிசலாக வரைவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம். பெரிய சிறுகோள்களுக்கு இடையே லட்சக்கணக்கான கிலோமீட்டர் வெற்றிடம் இருக்கிறது. 1972-73-ல் பயனியர் 10 விண்கலம் அந்தப் பட்டையைச் சேதமில்லாமல் கடந்து போனது. செரிஸில் நின்றால் வேறொன்று அவளை அசத்தும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கல்லை விட்டால் தரையைத் தொட இரண்டரை நொடிக்கு மேல் ஆகும். இங்கே அரை நொடிகூட ஆகாது.

நுங்கம்பாக்கத்தான்:

எங்கள் ஊர்க் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் வானியலாளர் போக்சன் 1861-ல் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ஆசியா என்றே பெயர். 1866-ல் அங்கிருந்தே சில்வியாவையும் கண்டுபிடித்தார். அதற்கு ரோமுலஸ், ரெமஸ் என்று இரண்டு குட்டி நிலவுகள் இருப்பது 2005-ல் உறுதியானது.

இயற்பியல்_வாத்தியார்:

அருமை! சில்வியா இந்தப் பேச்சுக்கு மிகப் பொருத்தம். ரோமுலஸ் அதைச் சுற்றிவர மூன்றரை நாளுக்குச் சற்றே அதிகம் ஆகிறது. சுற்றும் நேரமும் தூரமும் தெரிந்தால் ஈர்ப்பு தெரியும், ஈர்ப்பிலிருந்து நிறை. அப்படிக் கணக்கிட்டால் சில்வியாவின் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அப்படியானால் அது ஒரே பாறை அல்ல, உள்ளே நிறைய வெற்றிடத்தோடு இளகலாகக் கூடிய இடிபாட்டுக் குவியல். கூட்டிவைக்க அதன் ஈர்ப்பு போதும், உருண்டையாக்கப் போதாது. அதனால்தான் நீள்வடிவில் இருக்கிறது.